துணைக்கு வெளிநாட்டில் வேலை: கூடப் போவதா, ஊரில் இருப்பதா?

திருகோணமலையில் ஒரு வீட்டுக்கு வெளிநாட்டு வேலைக் கடிதம் வந்துவிட்டால் அயலில் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவாம் சம்பளம்?" இரண்டாவது, "குடும்பத்தையும் கூப்பிடலாமாமோ?" இந்த இரண்டுக்கும் நல்ல பதில் வந்தால் பெட்டி கட்டத் தொடங்கிவிடுவார்கள். கூடப் போகிறவர் அங்கே என்ன செய்வார், அவருடைய பெயரில் என்ன இருக்கும், வேலை போனாலோ உறவு கசந்தாலோ அவர் எங்கே நிற்பார் என்பதைக் கேட்கிறவர்கள் குறைவு. என் கணிப்பில் போவதா இல்லையா என்பதைத் தீர்க்க வேண்டியது அந்தக் கேள்விதான். சம்பளக் கடிதத்தை வாசிப்பதற்கு முன் துணையின் விசா நிபந்தனையை வாசிக்க வேண்டும்.

முன்பு இந்தப் பிரச்சினை இவ்வளவு பேருக்கு இருக்கவில்லை. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தில் இருந்து ஆண்கள் சாரதியாகவும் பெண்கள் வீட்டு வேலைக்கும் வளைகுடாவுக்குப் போனார்கள். குடும்பம் ஊரில் இருந்தது, காசு வந்தது. போர்க்காலத்தில் லண்டன், கனடா என்று போனவர்களுக்கு உட்கார்ந்து யோசிக்க நேரமே இல்லை. 2022 இதை மாற்றியது. அந்த ஆண்டு ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தியது. 200 ரூபாயைச் சுற்றி நின்ற டொலர் சில வாரங்களில் 360 வரை ஏறியது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போனவர்கள் மட்டும் அந்த ஒரே ஆண்டில் 3 இலட்சத்தைத் தாண்டினார்கள். தாதியர், பொறியியலாளர், கணக்காளர், மென்பொருள்காரர் எனப் படித்தவர்கள் நிறையப் பேர் அந்த அலையில் போனார்கள். அவர்களில் பலருடைய விசாவில் துணைக்கும் பிள்ளைகளுக்கும் இடம் இருந்தது. ஆசிரியை, அபிவிருத்தி உத்தியோகத்தர், வங்கி ஊழியர் என்று ஊரில் நிலையான உத்தியோகத்தில் இருக்கும் துணை அதை விட்டுவிட்டுப் போவதா என்ற பேச்சு உவர்மலையிலும் உப்புவெளியிலும் வீட்டுக்குள் வந்தது அப்படித்தான்.

கிழக்கில் இந்தப் பேச்சுக்கு வேறொரு பாரமும் உண்டு. இங்கே வீடு பெரும்பாலும் பெண்ணின் பக்கம். தாய் தகப்பன் சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து குடியேறுவார். நகரத்தில் யாழ்ப்பாண வழி வந்த குடும்பங்களில் வழமை கொஞ்சம் மாறலாம். ஆனால் தமிழர், முஸ்லிம்கள் இரு தரப்பிலும் மகளுக்கு வீடு என்பது அநேகமாக மாறாது. ஒரே வளவில் அம்மாவின் வீடு, பக்கத்தில் அக்காவின் வீடு, நடுவில் வேலியில் நுழைந்து போக ஒரு பொட்டு. காலை ஆறரை பஸ்ஸில் தம்பலகாமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஆசிரியை, அதற்குப் பத்து நிமிடத்துக்கு முன் மூன்று வயதுப் பிள்ளையை அந்தப் பொட்டால் அனுப்பிவிடுவார். அந்தப் பக்கம் அம்மம்மா புட்டும் வாழைப்பழமும் குழைத்து வைத்துக்கொண்டு நிற்பார். இரண்டு மணிக்கு ஆசிரியை திரும்பும்போது பிள்ளை குளித்து நித்திரையாகியிருக்கும். இதற்கு யாரும் விலை போட்டதில்லை. விலை தெரிய வருவது லண்டனுக்குப் போன பிறகுதான்.

அங்கே இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை முழுநேரம் காப்பகத்தில் விட வாரத்துக்கு 300 பவுண் அளவில் போகும். ரூபாயில் ஒரு இலட்சத்துக்கு மேல், அதுவும் ஒரு வாரத்துக்கு. இங்கிலாந்தில் வேலை செய்யும் பெற்றோருக்கு வாரம் 30 மணித்தியாலம் இலவசக் காப்பகம் உண்டு என்று அங்கே இருக்கும் மச்சாள் சொல்வார். அவர் சொல்வது சரி, ஆனால் அவர் பிரஜை. வேலை விசாவில் போகும் தாய் தகப்பன் இருவருக்கும் பொது நிதி, அதாவது அரச உதவிகள், பெற உரிமை இல்லை என்ற நிபந்தனை இருக்கும், அதனால் அந்த 30 மணித்தியாலம் கிடைக்காது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவான 15 மணித்தியாலம் மட்டும் கிடைக்கும். ஆகவே "அங்கே போய் நானும் ஒரு வேலை தேடிக்கொள்வேன்" என்கிற திட்டத்துக்கு, சின்னப் பிள்ளை இருந்தால், முதல் இரண்டு மூன்று வருடம் கணக்கு உதைக்கும்.

சரி, விசாவுக்கு வருவோம். துணையாகப் போகிறவருக்கு வேலை செய்ய அனுமதி உண்டா என்பது நாட்டுக்கு நாடு வேறு. ஒரே நாட்டுக்குள்ளும் விசாவுக்கு விசா வேறு. பிரித்தானியாவில் திறமைசார் வேலை விசாவில் போகிறவரின் துணை ஏறக்குறைய எந்த வேலையும் செய்யலாம். அவுஸ்திரேலியாவில் தொழில்தருநர் ஆதரவு கொடுக்கும் 482 விசாவிலும் அப்படித்தான். நிரந்தர வதிவிடத்துக்கு 189, 190 விசாக்களில் விண்ணப்பிக்கும்போது துணையின் தகுதியும் புள்ளி தரும். துணைக்கும் பொருத்தமான தொழில் மதிப்பீடும் ஆங்கிலமும் இருந்தால் 10 புள்ளி, ஆங்கிலம் மட்டும் போதிய அளவில் இருந்தால் 5. இதைத் தெரியாமல் கணவர் மட்டும் ஆங்கிலப் பரீட்சைக்கு மாய்ந்து மாய்ந்து படிப்பார், மனைவி சமைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். இருவரும் படிக்க வேண்டிய பரீட்சை அது.

கதவுகள் அடைபடுவதும் வேகமாக நடக்கிறது. பிரித்தானியாவில் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிப் போவதை 2024 மார்ச் 11 முதல் நிறுத்தினார்கள். 2025 ஜூலையில் அந்த வேலைக்கு வெளிநாட்டில் இருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். மாணவர் விசாவில் 2024 ஜனவரி முதல், ஆராய்ச்சிப் பட்டம் போன்ற சிலவற்றைத் தவிர, துணையைச் சேர்க்க முடியாது. கனடாவில் துணைக்குக் கிடைத்து வந்த, எந்த முதலாளியிடமும் வேலை செய்யவிடும் திறந்த வேலை அனுமதி 2025 ஜனவரி 21 முதல் சுருங்கிவிட்டது. உயர்திறன் வேலைகளிலும் குறிப்பிட்ட சில துறைகளிலும் இருப்பவர்களின் துணைக்குத்தான் இப்போது கிடைக்கும், அதுவும் வேலை அனுமதியில் 16 மாதமாவது மிச்சம் இருந்தால். முன்னே போன கூட்டாளி 2023இல் எப்படிப் போனார் என்ற கதை இன்றைக்கு உதவாது. ஏஜென்சிக்காரர் சொன்னாலும் உதவாது. அந்தந்த நாட்டு அரசாங்கத்தின் இணையத்தளத்தில் இன்று என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

வளைகுடாவில் கேள்வி வேறு மாதிரி. அங்கே முதலில் பார்ப்பது வேலை செய்பவரின் சம்பளம். ஐக்கிய அரபு இராச்சியத்தில் குடும்பத்தை அழைக்க மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் வேண்டும். இது சட்டம் சொல்லும் கீழெல்லை. அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்தலாம் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். சவூதியில் 2017 ஜூலையில் ஒவ்வொரு சார்ந்திருப்பவருக்கும் மாதம் 100 றியால் என்று ஒரு கட்டணம் தொடங்கியது. வருடத்துக்கு 100 கூடி 2020இல் 400 ஆனது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் மாதம் 1,200 றியால், வருடத்துக்கு 14,400. வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் இதற்கு வெளியே.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணவருக்குத் துபாயில் மாதம் 8,000 திர்ஹம் என்று வைப்போம். திர்ஹம் 80 ரூபாய் அளவில் என்றால் 6 இலட்சத்து 40 ஆயிரம். ஊரில் கேட்கிறவர்களுக்கு வாய் பிளக்கும். தனியாகப் போய், அறையைப் பகிர்ந்து, 2,500இல் வாழ்ந்தால் 5,500 திர்ஹம் மிச்சம், அதாவது 4 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய். மனைவியின் ஆசிரியச் சம்பளமும் ஊரில் ஓடுகிறது. குடும்பத்தோடு போனால் சின்ன வீடு ஒன்றுக்கு 4,000க்கு மேல், பிள்ளையின் பள்ளிக்கூடமும் போக்குவரத்தும் 1,500, சாப்பாடு, மின்சாரம், மருந்து, வருடத்துக்கு ஒரு தடவை எல்லோருக்கும் டிக்கெட். மாத முடிவில் 500 திர்ஹம் மிஞ்சினால் அதிர்ஷ்டம். மனைவியின் சம்பளமும் நின்றுவிடுகிறது. குடும்பம் ஒன்றாக இருப்பதற்கு இந்த வீட்டார் கொடுக்கும் விலை மாதம் ஏறத்தாழ 4 இலட்சம், மேலாக ஒரு அரச உத்தியோகம். அது கொடுக்கத் தகுந்த விலையாகவும் இருக்கலாம். தகப்பனை வீடியோவில் மட்டும் கண்டு வளர்ந்த பிள்ளைகள் இந்த ஊரில் போதுமான அளவு இருக்கிறார்கள். ஆனால் விலை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு கொடுப்பது வேறு, மூன்று வருடம் கழித்துக் கையில் ஒன்றும் இல்லை என்று கண்டுபிடிப்பது வேறு.

பிரித்தானியாவுக்கு இந்தக் கணக்கு முன்பணத்தில் தொடங்கும். விசாக் கட்டணம் ஒரு பக்கம் இருக்க, சுகாதார மேலதிகக் கட்டணம் பெரியவருக்கு வருடம் 1,035 பவுண், 18 வயதுக்கு உட்பட்டவருக்கு 776. மூன்று வருட விசாவில் கணவன், மனைவி, ஒரு பிள்ளை என்றால் 8,538 பவுண். பவுண் 400 ரூபாய் என்று வைத்தால் 34 இலட்சம், விமானம் ஏறுவதற்கு முன்பே, மொத்தமாக. சுகாதார, பராமரிப்பு விசாவில் போகும் தாதியர், வைத்தியர் குடும்பங்களுக்கு இது இல்லை. மற்றவர்களுக்கு இதை நிறுவனம் கட்டுமா, வேலை செய்பவருக்கு மட்டும் கட்டுமா, எல்லோருக்கும் கட்டுமா என்பதை வேலைக் கடிதத்தில் எழுதி வாங்க வேண்டும். சீதன வீட்டை ஈடு வைத்து இதைக் கட்டிய குடும்பங்கள் உண்டு. அது மனைவியின் சொத்தைக் கணவனின் வேலைக்குப் பிணை வைப்பது. அந்தக் கடன் யார் பெயரில் ஓடுகிறது என்பதை இருவரும் வாய்விட்டுப் பேசியிருக்க வேண்டும்.

அரச உத்தியோகத்தை என்ன செய்வது? "கவுண்மெந்து வேலையை விடுவதா?" என்று அம்மா அழுவதில் நியாயம் இருக்கிறது. ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 வருடச் சேவை வேண்டும், இராஜினாமாக் கடிதம் கொடுத்தால் அந்த உரிமை போய்விடும். ஆனால் விடுவதும் இருப்பதும் தவிர மூன்றாவது வழி உண்டு, சம்பளமற்ற விடுமுறை. 2022 ஜூனில் வந்த 14/2022 பொது நிர்வாகச் சுற்றறிக்கை, சேவைமூப்பும் ஓய்வூதியமும் பாதிக்காமல் 5 வருடம் வரை போக வழி திறந்தது. நெருக்கடி நேரத்தில் அரசாங்கம் சம்பளச் செலவைக் குறைக்கப் போட்ட திட்டம் அது. அதில் உடனே போனவர்களுக்கு 2027இல் கெடு முடிகிறது, திரும்புவதா விடுவதா என்று அவர்கள் இப்போது யோசிக்கத் தொடங்கியிருப்பார்கள். புதிதாகப் போகிறவர்கள் தங்களுக்கு இன்று எந்த விடுமுறை பொருந்தும் என்பதை வலயக் கல்வி அலுவலகத்திலோ தங்கள் திணைக்களத்திலோ எழுத்தில் கேட்டு, அனுமதி கையில் வந்த பிறகு போக வேண்டும். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, "சேர் பார்த்துக்கொள்வார்" என்று விமானம் ஏறியவர்களைப் பதவியை விட்டு நீங்கியதாக அறிவித்த சம்பவங்கள் உண்டு. தனியார் துறையில் இருப்பவருக்கு விஷயம் இலகு. நிரந்தரமாகக் குடிபெயர்வதற்கான ஆதாரம் காட்டினால் ஊழியர் சேமலாப நிதியை உரிய வயதுக்கு (ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50) முன்பே எடுக்கலாம். தற்காலிக வேலை விசாவில் போகிறவர் அந்தக் காசை நம்பித் திட்டம் போடக் கூடாது.

பிள்ளைகள் விஷயத்தில் எங்கள் மாவட்டத்துக்கு என்று ஒரு தனிக் கணக்கு. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான துறைகளுக்கு 40 சதவீதம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படை, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்த 16இல் ஒன்று. சண்முகாவிலோ இந்துக் கல்லூரியிலோ படிக்கும் கெட்டிக்காரப் பிள்ளைக்கு மருத்துவ பீடத்துக்குப் போக இங்கே இருக்கும் வாய்ப்பு கொழும்புப் பிள்ளைக்கு அதே புள்ளியில் இல்லை. வெளியே போய் அங்கே உயர்தரத்துக்குச் சமமான பரீட்சை எடுத்துவிட்டு வந்தால், வெளிநாட்டுப் பரீட்சைக்காரருக்கான 0.5 சதவீத இடத்துக்குள் அடிபட வேண்டும். அங்கேயே படிக்கலாம் என்றால், பிரித்தானியாவில் குடும்பத்துக்கு நிரந்தர வதிவிடம் வரும்வரை பிள்ளை பொதுவாக வெளிநாட்டு மாணவர் கட்டணம் கட்ட வேண்டும், மாணவர் கடனும் கிடைக்காது. 14 வயதில் கூட்டிப் போன பிள்ளை 18இல் இந்தச் சுவரில் முட்டும். ஏழு எட்டு வயதில் போகும் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. அதனால் நான் யாரும் கேட்டால் ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் பிள்ளையை இடம் மாற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன். சாதாரணதரம் முடியட்டும், அல்லது ஐந்தாம் வகுப்புக்கு முன் போய்விடுங்கள்.

இதுவரை மனைவி கூடப் போவதாகவே எழுதிவிட்டேன், ஊரில் அப்படித்தான் பேசுகிறோம். ஆனால் தாதியர் போகும் வீடுகளில் கூடப் போகிறவர் கணவர். இங்கே மேற்பார்வையாளராக, கணக்காளராக இருந்தவர் அங்கே இரவு வேலைக்குக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குவார், பகலில் பிள்ளையைப் பார்ப்பார். அதைச் சந்தோசமாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஊரில் இருந்து தொலைபேசியில் "மனிசியின்ர உழைப்பில இருக்கிறியோ" என்று ஒரு மாமா பகிடி விட்டால் அந்தச் சந்தோசம் ஒரு கிழமைக்குக் காணாமல் போகும். எங்கள் அரசாங்கத்தின் பார்வையும் மாமாவின் பார்வையில் இருந்து தூரம் இல்லை. சின்னப் பிள்ளை உள்ள பெண் வெளிநாட்டு வேலைக்குப் போகக் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கும் நடைமுறை 2013இல் வந்தது. முதலில் 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றார்கள், 2022இல் அதை 2 வயதாகக் குறைத்தார்கள். பிள்ளையின் தகப்பனிடம் யாரும் அறிக்கை கேட்டதில்லை.

தொழிலைத் தொடர முடியுமா என்பதை இருவரும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். தாதியருக்குப் பிரித்தானியாவில் ஆங்கிலத் தகுதியோடு கணினித் தேர்வு, நேரடிச் செய்முறைத் தேர்வு என்று வழி தெளிவாக இருக்கிறது. தமிழ்மொழி மூலம் கற்பித்த ஆசிரியைக்கு அவ்வளவு தெளிவு இல்லை. வகுப்பறை உதவியாளராகத் தொடங்கி, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் படிப்பித்து, அப்புறம் மேலே போகப் பார்க்க வேண்டியிருக்கும். கார் ஓடுவதில்கூட அப்படி. எங்கள் சாரதி அனுமதிப்பத்திரம் அங்கே 12 மாதம்தான் செல்லும், பிறகு எழுத்துப் பரீட்சையில் இருந்து தொடங்க வேண்டும். இந்த வேலைகளில் பாதியை, ஆங்கிலப் பரீட்சை உட்பட, அம்மம்மா பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் காலத்தில் ஊரிலேயே முடித்துவிடலாம்.

அடுத்தது பலர் பேச விரும்பாதது. துணை விசா இன்னொருவரின் வேலையில் தொங்குகிறது. பிரித்தானியாவில் நிறுவனம் ஆதரவை நிறுத்தினாலோ அதன் அனுமதி பறிபோனாலோ பொதுவாக 60 நாள் தருவார்கள், அதற்குள் வேறு நிறுவனம் தேட வேண்டும், இல்லாவிட்டால் முழுக் குடும்பமும் கிளம்ப வேண்டும். மணவாழ்க்கை முறிந்தாலும் துணையின் விசாவுக்கு அடிப்படை போய்விடும். துன்புறுத்தலுக்கு உள்ளான துணைக்கு அங்கே 3 மாதத் தற்காலிக அனுமதி ஒன்று உண்டு, 2024 பெப்ரவரியில் இருந்து வேலை விசாக்காரரின் துணைக்கும் அது பொருந்தும். இது தெரியாமல் "திருப்பி அனுப்பிவிடுவேன்" என்ற மிரட்டலுக்குப் பயந்து இருப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல கணவன் மனைவிக்கும் சில ஏற்பாடுகள் வேண்டும்: கூடப் போகிறவரின் கடவுச்சீட்டு அவர் கையில், அவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, ஊருக்குத் திரும்ப ஒரு டிக்கெட்டுக்கான காசு அதில். இதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொள்கிறவரோடு விமானம் ஏறுவதற்கு முன் இன்னும் கொஞ்சம் பேச வேண்டும்.

என் சாய்வைக் கேட்டால்: துணைக்கு முழு வேலை உரிமையும், நிரந்தர வதிவிடத்துக்கு வழியும், ஊரில் விடுமுறை அனுமதியும் மூன்றும் இருந்தால் ஒன்றாகப் போகலாம். வளைகுடாவில் ஒற்றைச் சம்பளம் என்றால் ஒருவர் போய் மற்றவர் இருப்பதே பெரும்பாலும் உத்தமம். ஆனால் திரும்பும் வருடத்தை இப்போதே பேசி வைக்க வேண்டும். "இன்னும் ஒரு கொன்ட்ராக்ட்" என்று தொடங்கிப் பத்து வருடம் ஓடிய வீடுகள் கிண்ணியாவில் தெருவுக்கு இரண்டு. நடுவழி ஒன்றும் இருக்கிறது: ஒருவர் முதலில் போய் ஆறு மாதம் வேலையையும் முதலாளியையும் பார்க்கட்டும், வாடகையும் பள்ளிக்கூடமும் விசாரிக்கட்டும், பிறகு மற்றவர்கள் போகலாம். முன்பணமும் ஒரேயடியாகப் போகாது.

போவது என்று முடிவானால் கடதாசி வேலை நினைப்பதைவிட நீளும். கோயிலில் தாலி கட்டியதோ பள்ளிவாசலில் நிக்காஹ் நடந்ததோ விசாவுக்குப் போதாது, பதிவுச் சான்றிதழ் வேண்டும். தமிழில் உள்ள பிறப்பு, விவாகச் சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். தகப்பன் பெயரின் ஆங்கில எழுத்து ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். கைரேகை கொடுக்கக் கொழும்புக்கு இரவு ரயில் பிடிக்க வேண்டும், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. வீட்டைப் பூட்டிப் போடுவதைவிட தெரிந்தவருக்கு வாடகைக்கு விடுவது நல்லது. காணி, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேமிட் காணியாக இருந்தால் வாடகைக்கு விடும் முன் பிரதேச செயலகத்தில் கேட்க வேண்டும். வீட்டைப் பார்க்கும் சகோதரனுக்கோ மாமாவுக்கோ அற்றோணித் தத்துவம் எழுதும்போது வாடகைக்கு விடுதல், வரி கட்டுதல், திருத்த வேலை என்று அதிகாரத்தைப் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். நொத்தாரிசு வழமையாக வைத்திருக்கும் மாதிரியில் விற்கவும் ஈடு வைக்கவும் அதிகாரம் சேர்ந்தே இருக்கும்; கையெழுத்துப் போடும் முன் அந்த வரிகளை வெட்டுவியுங்கள்.